ஐஸ் பெட்டியில் வைத்த சாக்லேட்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஆசிரியத் தம்பிகளே, தங்கைகளே, பாடம் எடுப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். போதாததற்குக் கையில் போன் வேறு இருக்கிறது. பயிற்சியில் சொல்லித்தராத ஒன்று உண்டு. தலைமையாசிரியர் ஒருநாள் உங்களைக் கூப்பிட்டு, "ஆண்டு விழாவுல அடுப்பில்லாச் சமையலுக்கு நீங்கதான் பொறுப்பு" என்பார். அன்றைக்குத்தான் நீங்கள் எப்பேர்ப்பட்ட வாத்தியார் என்பது ஊருக்குத் தெரியும்.

என்னைக் கூப்பிட்டவர் எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர். பள்ளி ராயப்பன்பட்டிப் பக்கம். நான் கோம்பைக்காரன், தினமும் பஸ்ஸில் போய்வருகிறவன், கணக்கு வாத்தியார். வீட்டில் வெந்நீர் வைக்கச் சொன்னால்கூட எந்தப் பாத்திரத்தில் என்று கேட்கிற ஆள். வழக்கமாக இதைச் செய்துவந்த டீச்சர் பிள்ளைப்பேறு விடுப்பில் போய்விட்டார். "அடுப்பே இல்லாத சமையல்தானே சார், ஆம்பளைங்ககூடச் செய்யலாம்" என்றார் சிஸ்டர். அப்படித்தான் நான் சாக்லேட் வாத்தியார் ஆனேன். விடுப்பு முடிந்து அந்த டீச்சர் திரும்பி வந்த பிறகும் பொறுப்பு என் தலையிலேயே தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பொறுப்பும் தற்காலிகம் இல்லை என்பதை நீங்களும் சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள்.

முதல் வருடம் நான் கற்றது சின்ன விஷயம். பிஸ்கட்டை நொறுக்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் பாக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டு, கோகோ பவுடர் டப்பாவைத் திறக்கத் திரும்பினேன். மூடி இறுக்கமாக இருந்தது. திறந்துவிட்டுப் பார்த்தால் பிஸ்கட் நொறுங்கியிருந்தது. ஆனால் கிண்ணத்தில் இல்லை. வகுப்பு முழுக்க வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. "யார்லே தின்னது?" என்று அதட்டினேன். பதில் சொல்ல ஒருவருக்கும் வாய் காலியாக இல்லை. ஆகவே, தொடங்குவதற்கு முன்பே ஆளுக்கு ஒரு பிஸ்கட்டைத் தின்னக் கொடுத்துவிடுங்கள். அது லஞ்சம்தான். கூசாமல் கொடுங்கள்.

அடுத்த வருடம் அறிவை வளர்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். நம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ மரம் வைத்திருக்கிறார்கள் அல்லவா, பழத்தை உடைத்து வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அந்தக் கொட்டையில்தான் சாக்லேட் செய்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பயல் எழுந்து, "அப்ப நாங்க துப்புனதையா சார் கடையில விக்கிறாக?" என்று கேட்டான். அன்றைக்குப் பாதிப் பேர் சாக்லேட்டைத் தொடவில்லை. நான் எவ்வளவு விளக்கியும் பயனில்லை. ஒரு தின்பண்டத்தின் மேல் அருவருப்பு விழுந்துவிட்டால் வாத்தியாரின் விளக்கத்தால் அதைத் துடைக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேளுங்கள்.

எங்கள் வகுப்பில் ரோஸ்லின் என்று ஒரு பிள்ளை இருந்தாள். நான்காம் வகுப்பு. அவள் அப்பா சவரிமுத்து பந்தல், நாற்காலி, மைக் செட், வாடகைப் பாத்திரம் எல்லாம் வைத்திருந்தார். ஊரில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. அதோடு ஒரு ஐஸ் பெட்டியும் வாங்கிப் போட்டார். உங்களுக்குத் தெரியும், வெளியூரிலிருக்கும் மகனோ மகளோ வந்து சேரும்வரை இறந்தவரைக் கிடத்திவைக்கிற, கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி. அதுவரை பெட்டிக்குக் கம்பம் டவுனுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த ஊர், சவரிமுத்து வாங்கியதும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. விட்ட கையோடு அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்திக்கொண்டது.

பெரியவர்கள் வாயால் சொல்லாததைப் பிள்ளைகள் கையால் செய்வார்கள். ரோஸ்லின் டப்பாவில் என்ன கொண்டுவந்தாலும் யாரும் பங்கு கேட்பதில்லை. அவளும் கொடுத்துப் பார்த்து, பிறகு கொடுப்பதை விட்டுவிட்டாள். ஒரு பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணம் கேட்டேன். "அவ கை சில்லுன்னு இருக்கும் சார்" என்றாள். நான் ரோஸ்லின் கையைப் பிடித்துப் பார்த்தேன். பங்குனி மாத வெயிலில் எல்லாப் பிள்ளைகள் கையும் போலச் சுட்டது. இதைச் சொன்னால் கேட்கவா போகிறார்கள்? அதட்டினால் சாப்பிடுவார்கள், அதுவும் நான் பார்க்கும்போது மட்டும். எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த வருட ஆண்டு விழா வந்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் பெற்றோர் வருவார்கள். பிள்ளைகள் தங்கள் கையால் செய்த சாக்லேட் உருண்டையை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பிஸ்கட் பொடியைப் பிசைந்து உருட்டி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி, குளிரில் வைத்து இறுக விடுகிற வகை. உருக்குவதற்கு அடுப்பு தேவையில்லை. சாக்லேட் கட்டியைத் தட்டில் போட்டு மொட்டைமாடியில் வைத்தால் போதும், நம்மூர் வெயில் பார்த்துக்கொள்ளும். இறுக வைப்பதற்குக் கான்வென்ட் ஃப்ரிட்ஜ் இருந்தது.

பிள்ளைகள் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு கொண்டுவந்திருந்தார்கள். எல்லாத் தட்டிலும் அம்மா பெயரோ ஆச்சி பெயரோ வெட்டியிருந்தது. ரோஸ்லின் தட்டின் அடியில் மட்டும் வாடகைப் பாத்திரத்துக்குப் போடுகிற சிவப்புப் பெயின்ட் அடையாளம். அவள் உருட்டிய உருண்டைகள்தான் வகுப்பிலேயே அழகாக இருந்தன. ஒன்றுபோல ஒன்று, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு முந்திரி. வேலை முடிந்ததும் பிள்ளைகள் ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்து ருசி பார்த்தார்கள். அவள் தட்டை ஒருவரும் தொடவில்லை. அவள் என்னிடம் வந்து, "சார், எங்கப்பாதான் இன்னைக்கு மைக் செட்டு. நாலு மணிக்கு அங்கனதான் நிப்பாரு" என்றாள். தன் தட்டு தொடாமல் கிடப்பதை அப்பா பார்ப்பாரே என்பதுதான் அவள் கவலை என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் அன்று முழுக்க அதே கவலையாகிவிட்டது.

இந்த நிலையில் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தார்களாம். அந்தப் பேப்பரை விரித்துத்தான் பிள்ளைகளைக் கோகோ பவுடர் சலிக்க வைத்திருந்தேன். கான்வென்ட் ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடு. உருண்டைகளின் மேல் சாக்லேட் மெல்ல வழிய ஆரம்பித்தது. ஒரு பிள்ளை அழுதது. அதைப் பார்த்து மற்றவை அழுதன. காரணம் தெரியாத ஒன்றாம் வகுப்பும் பக்கத்து அறையில் சேர்ந்துகொண்டது.

மேடையில் மைக் கட்டிக்கொண்டிருந்த சவரிமுத்து சத்தம் கேட்டு வந்தார். எட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சார், தப்பா நெனைக்கலன்னா ஒன்னு சொல்றேன். மதுரையில இருந்து நேத்துத்தான் இன்னொரு பெட்டி வந்து எறங்கியிருக்கு. மேல ஒட்டுன பிளாஸ்டிக் தாளக்கூடப் பிரிக்கல. இன்னும் யாரும் படுக்கல சார். ஜெனரேட்டரு இங்கனயே ஓடுது, கான்வென்ட் ஃப்ரிட்ஜு வரைக்கும் ஒயரு எட்டாது, பெட்டிய இங்கன கொண்டாந்துரலாம். ஒயரக் குடுத்தா அரை மணியில கல்லு மாதிரி ஆயிரும்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரோஸ்லின் என்னையே பார்த்தாள்.

தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் மூன்று பக்கமும் யோசிக்க நேரம் கிடைக்காது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் சரி சார் என்று போயிருப்பார், பிள்ளைகள் குழைந்துபோன சாக்லேட்டைக் கரண்டியால் நக்கியிருப்பார்கள். ஆனால் நான் வேண்டாம் என்று சொல்வதை அந்தப் பிள்ளை பார்க்கும். எல்லாத் தட்டும் ஒரே பெட்டிக்குள் போய்விட்டால் அவள் தட்டு எது, மற்றவர்கள் தட்டு எது என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் தோன்றியது. "கொண்டாங்க" என்றேன்.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "புதுசுதானே?" என்று கேட்டார். "புதுசு சிஸ்டர்." "இதுவரைக்கும் யாரும்..." "யாரும் இல்ல சிஸ்டர்." அவர் கொஞ்ச நேரம் சுவரிலிருந்த சிலுவையைப் பார்த்தார். "நான் கோயிலுக்குப் போறேன். நீங்க சொன்னது என் காதுல விழல" என்று செபமாலையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மேலதிகாரிகள் அனுமதி தருகிற முறைகளில் இதுவும் ஒன்று.

பெட்டி சரக்கு ஆட்டோவில் வந்தது. வராந்தாவில் வைத்துத் தாளைப் பிரித்து, உள்ளே துணி விரித்து, ஒவ்வொரு தட்டாக அடுக்கினோம். ரோஸ்லினுக்குத்தான் மூடியை அலுங்காமல் தூக்கத் தெரியும் என்பதால் அவள் பிடித்துக்கொண்டாள். அவள் தட்டு கடைசியாக, கைக்கு எட்டும் ஓரத்தில் போயிற்று. ஜெனரேட்டர் உறுமியது. கண்ணாடிக்குள் உருண்டைகள் வரிசையாகப் படுத்திருந்தன.

பிள்ளைகளுக்கு அருவருப்பு வரும் என்று பயந்தேன். வந்தது குஷி. சுற்றி நின்று மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்தார்கள். ஒரு பயல் கையெடுத்துக் கும்பிட்டு, "ஏ என் சாக்லேட்டு ராசா, எங்கள விட்டுட்டுக் குளுகுளுன்னு படுத்திட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டான். இன்னொருத்தி தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். பிறகு எல்லோரும் வரிசை கட்டி, கைகூப்பி, பெட்டியைச் சுற்றிவர ஆரம்பித்தார்கள். சத்தம் போடாமல் அமைதியாக வரிசையில் போகிறார்களே, விட்டுவிடுவோம் என்று நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அங்கேதான் வினை பிடித்தது.

அந்நேரம் பள்ளி வாசலைக் கடந்து கோம்பை பஸ் போயிருக்கிறது. அதில் எங்கள் தெருக்காரம்மா ஒருத்தி ஜன்னலோரம். வராந்தாவில் ஐஸ் பெட்டி, ஓடுகிற ஜெனரேட்டர், கைகூப்பிச் சுற்றுகிற பிள்ளைகள். ரோட்டில் சிஸ்டர் செபமாலையோடு கோயிலுக்கு நடந்துபோகிறார். ஆக செத்தது சிஸ்டர் இல்லை. மற்ற டீச்சர்கள் எல்லாம் சின்ன வயசு. மிச்சம் இருப்பது யார்? ஓய்வுபெற ஒரு வருடம் பாக்கியுள்ள, சர்க்கரை வியாதி பிடித்த கோம்பைக் கணக்கு வாத்தியார். நான் சொல்லிக்கொடுத்த எந்தப் பிள்ளையும் இவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போட்டதில்லை. அந்தம்மா உடனே என் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள். என் வீட்டுக்காரி எனக்குப் போட்டாள். என் போன்தான் கரண்ட் இல்லாமல் செத்துக் கிடந்ததே.

இது எதுவும் எனக்குத் தெரியாது. நாலு மணிக்குப் பெற்றோர் வந்தார்கள். வந்தவர்கள் வராந்தாப் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"என்னா சார் இது?" என்று ஒரு தாய் கேட்டாள். சொன்னேன். மறைக்காமல் சொன்னேன், இதில் மறைத்தால் பிறகு தலைகாட்ட முடியாது.

"பொணம் வைக்கிற பெட்டியிலயா எம்புள்ள செஞ்சதத் தூக்கி வச்சீக?"

"புதுப் பெட்டிம்மா."

"புதுசுன்னாலும் அதுக்குன்னு செஞ்சதுதானே சார்? பக்கத்துல பாளையத்துல ஐஸ்கிரீம் கடை இல்லையா, பால் டிப்போ இல்லையா? ஏலே, இங்கிட்டு வா, தொடாத."

சவரிமுத்து முன்னால் வந்து, "இதுல இன்னும் யாரும் படுக்கல ஆத்தா" என்றார். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் துக்கத்தின்போது முதல் ஆளாக வந்து நின்றவர், அங்கே திருடிவிட்டுப் பிடிபட்டவரைப் போல நின்றார். அதுவரை பெட்டியைச் சுற்றி ஒப்பாரி வைத்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக அம்மாவின் சேலைப் பக்கம் போய், அங்கிருந்து ரோஸ்லினைப் பார்த்தன. தங்கள் சாக்லேட் வீணானது அவளால்தான் என்று அந்தப் பார்வை சொன்னது. அவள் மூடியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காலையில் அவள் தட்டு மட்டும்தான் தொடாமல் கிடந்தது. என் சாமர்த்தியத்தால் இப்போது வகுப்பு முழுவதன் தட்டும் அவள் கணக்கில் சேர்ந்துவிட்டது. நியாயம் பேசினால் எடுபடாது. துப்பிய கொட்டைக்கே நான் தோற்றவன். செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. "ரோஸ்லின், தொற" என்றேன். அவள் தூக்கினாள். ஓரத்திலிருந்த அவள் தட்டில் ஒரு உருண்டையை எடுத்தேன். சில்லென்று, கல் மாதிரி, பிரமாதமாக இறுகியிருந்தது. எல்லோரும் பார்க்க வாய்க்குக் கொண்டுபோனேன்.

வாசலில் ஒரு பைக் வந்து சாய்ந்தது. தலைவிரி கோலமாக என் வீட்டுக்காரி இறங்கி ஓடிவந்தாள். "ஐயோ, என்னைய விட்டுட்டுப் போயிட்டீகளே" என்ற அலறல் பாதியில் நின்றது. பின்னால் என் மச்சினன், கையில் பெரிய ரோஜா மாலையோடு.

அவள் பெட்டியைப் பார்த்தாள். பெட்டிக்குள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த உருண்டையைப் பார்த்தாள்.

"உயிரோடதான் இருக்கீகளா?"

"இருக்கேன்."

"என்னா அது கையில?"

"சாக்லேட்டு."

"டாக்டரு என்னா சொன்னாக? சர்க்கரை எம்புட்டு இருக்கு ஒங்களுக்கு?" என்று கேட்டபடியே என் கையிலிருந்து பிடுங்கினாள். "நெசமாவே அதுல படுக்கிறதுக்கு வழி பண்றீகளா?" என்று திட்டிக்கொண்டே, அதைப் போடுவதற்கு இடம் தெரியாமல் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அவள் மென்றாள். வெயிலில் பைக்கில் அழுதுகொண்டே வந்தவள், தொண்டை வறண்டிருக்கும். முகம் மெல்ல மாறியது. "நல்லாருக்கே, யாரு செஞ்சா?" என்று கேட்டுக்கொண்டே அதே தட்டில் இன்னொன்றை எடுத்தாள்.

"நாந்தான்" என்றாள் ரோஸ்லின்.

"நீயா ஆத்தா? சூப்பரா செஞ்சிருக்க. ஏலே தம்பி, நீயும் ஒன்னு தின்னு." மச்சினன் மாலையை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டாக எடுத்துக்கொண்டான்.

அந்தத் தாய்க்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, அது எந்தப் பெட்டின்னு தெரிஞ்சுதான் திங்கிறீகளா?"

"தெரியாமலா?" என்றாள் என் வீட்டுக்காரி. "இதுக்குள்ள யாரப் பாக்கப்போறோம்னு நெனச்சு வந்தேன்னு ஒங்களுக்குத் தெரியுமா? கோம்பையில இருந்து சாமியக் கும்பிட்டுக்கிட்டே வந்தேன். வந்து பாத்தா சாக்லேட்டு. நான் திங்காம வேற யாரு திங்கிறது?" சொல்லிக்கொண்டே அடுத்ததை எடுத்தாள். அதற்குள் அவள் கண்ணில் மறுபடியும் தண்ணீர். அழுதுகொண்டே தின்றாள்.

முதலில் அசைந்தது முன்பு மாரில் அடித்துக்கொண்ட பயல்தான். "சார், உங்க வீட்டம்மா எல்லாத்தையும் தின்னுருவாக போல!" என்று கத்திக்கொண்டு சேலையை விட்டு ஓடிவந்தான். தீர்ந்துபோகும் என்ற பயம் வந்த பிறகு பிள்ளைகளுக்கு வேறெந்தப் பயமும் நிற்காது. மொத்தக் கூட்டமும் பெட்டியின் மேல் விழுந்தது. கைக்கு எட்டுகிற ஓரத்தில் எந்தத் தட்டு இருந்ததோ அதில்தான் முதலில் கை விழுந்தது. அடியில் சிவப்புப் பெயின்ட் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. கேள்வி கேட்ட தாயும் கடைசியில் பிள்ளையின் கையிலிருந்து ஒரு கடி கடித்தாள். "ஜில்லுன்னுதான் இருக்கு" என்றாள்.

கோயிலிலிருந்து திரும்பிய சிஸ்டர் என் கையிலிருந்த மாலையைப் பார்த்து, "நல்லவேளை சார், சிறப்பு விருந்தினருக்கு மாலை வாங்க மறந்தே போயிட்டேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். அது யாருக்கு வாங்கியது என்று அந்தப் பெரிய மனிதருக்கு இன்றுவரை தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

விழா முடிந்து கூட்டம் கலைந்ததும் பார்த்தால் பெட்டிக்குப் பின்னால் ரோஸ்லின் அழுதுகொண்டிருந்தாள். யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களோ என்று பதறிப்போய்க் கேட்டேன். காலித் தட்டை நீட்டினாள்.

"ஒன்னுகூட மிச்சம் வைக்கல சார். எங்கப்பாவுக்கு ஒன்னு எடுத்து வைக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள எல்லாத்தையும் தின்னுட்டாக."

ஒரு பிள்ளை அழுவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். மேடைக்குப் போய்ச் சவரிமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னேன். கையில் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர், சுற்றுவதை நிறுத்தினார்.

"எம்மக தட்டுலயா சார்?"

"ஒங்க மக தட்டுலதான்."

"ஒன்னுகூடவா மிச்சமில்ல?"

"ஒன்னுகூட இல்ல."

அவர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு மறுபடியும் கேட்டார். "நெசமாவா சார்? ஒன்னுகூடவா?"